வெள்ளை மண்ணும் நாலாவது ஆளும்

1

சென்ற மாதம் ரேஷன் கார்டு சரிபார்க்க ஓர் ஊழியர் வந்தார். குடைக்கம்பைக் கதவில் தட்டி, "வூட்டுல மொத்தம் எத்தினி பேருங்க?" என்றார். நான் கண்ணாடியைத் தேடி எடுப்பதற்குள் என் மனைவி தையல்நாயகி வாசலுக்குப் போய் நான்கு விரல்களைக் காட்டிவிட்டாள். அவர் நான்கு என்று எழுதினார்.

நாங்கள் மூன்று பேர். நான், தையல், எங்கள் மகன் கதிர்வேலு. எனக்குத் தெரிந்த வரையில் நான்காவது ஆள் பிறக்கவும் இல்லை, வந்து சேரவும் இல்லை.

"மூன்று என்று திருத்துங்கள்" என்றேன்.

"அம்மா நாலுங்கறாங்களே?"

தையல் மூலையில் இருந்த கூடையைக் காட்டினாள். கூடைக்குள் சாம்பல் நிறத்தில் ஒரு பிடி அளவுக்கு ஒரு பூனைக்குட்டி தன் வாலைப் பகையாளியாகப் பாவித்துப் போரிட்டுக்கொண்டிருந்தது. அவர் எட்டிப் பார்த்தார்.

"இதுக்கெல்லாம் சர்க்கரை கெடையாதுங்கம்மா" என்று சொல்லி, நான்கை அடித்து மூன்று ஆக்கினார். அடித்த இடத்தில் சுருக்கொப்பம் போடவில்லை. நான் போடச் சொன்னேன். போட்டார். போகும்போது பக்கத்து வீட்டில், "யாருங்க அந்தப் பெரியவரு, ஆபீசரா?" என்று கேட்டது என் காதில் விழுந்தது.

ஆபீசர் இல்லை. ரங்கூனில் பிறந்து, அங்கேயே படித்து, அங்கேயே ஓர் அரசு அலுவலகத்தில் இருபத்தெட்டு ஆண்டுகள் கோப்புகளோடு குடித்தனம் செய்து தலைமை எழுத்தராக இருந்தவன். பர்மாவை பர்மியர்களே பார்த்துக்கொள்ளலாம் என்று அரசாங்கம் முடிவு செய்தபோது, என் சம்மதத்தைக் கேட்காமலே எனக்கு ஓய்வு கொடுத்தார்கள். அறுபத்து நான்கில் சென்னைத் துறைமுகத்தில் இறங்கினோம். மேசைக்குப் பின்னால் இருந்தவர் "சொந்த ஊர்?" என்றார். ரங்கூன் என்றேன். "அது வந்த ஊரு. சொந்த ஊரைச் சொல்லுங்க." என் தகப்பனார் நல்லூர்ப் பக்கத்திலிருந்து கப்பலேறியவர் என்பது நினைவுக்கு வந்தது. விருத்தாசலம் தாலுகா என்றேன். அதுவரை நான் கண்ணால் பார்த்திராத ஊர் அந்த நிமிடத்தில் என் சொந்த ஊர் ஆயிற்று. படிவத்தில் வேறு கட்டம் இல்லை.

இந்த இதழைப் படிக்கும் ரங்கூன் நண்பர்களாகிய நீங்கள், இன்னும் அங்கேயே இருப்பவர்களும் என்னைப் போல் மூலைக்கொருவராகச் சிதறியவர்களும், இந்த வெளிநாட்டில் என் வாழ்க்கை எப்படி என்று கேட்டு எழுதுகிறீர்கள். ஐந்து வருடம் ஆயிற்று. சொல்லிக்கொள்ளும்படியான செய்தி இப்போதுதான் ஒன்று கிடைத்திருக்கிறது. அது பூனைக்குட்டி சம்பந்தப்பட்டது.

2

இந்த விருத்தாசலம் பீங்கான் ஊர். எங்கள் தெருவில் பாதிப் பேர் பீங்கான் தொழிற்கூடங்களில் வேலை செய்கிறார்கள். மாலையில் சங்கு ஊதியதும், மாவு மில்லில் இருந்து வருகிறவர்களைப் போலத் தலைமுடியும் புருவமும் வெளுத்து வீட்டுக்கு வருவார்கள். எல்லார் வீட்டிலும் கோணிப்போன ஜாடி, காதில்லாத கோப்பை, ஒரு பக்கம் மட்டும் பளபளக்கும் தட்டு. கதிர்வேலுக்கும் அகதி என்ற முன்னுரிமையில் அச்சு வார்க்கும் பிரிவில் வேலை கிடைத்தது. அந்த முன்னுரிமைக்கு எந்த ஆணையின் எந்தப் பத்தியைச் சுட்ட வேண்டும் என்று கண்டுபிடித்துக் கொடுத்தவன் நான். அவன் அதை மறந்துவிட்டான். யாராவது ஊரைக் கேட்டால் "நல்லூர் பக்கம்" என்கிறான். வீடு என்ற சொல்லை என் பையன் வாயிலிருந்து நான் கேட்டு மூன்று வருடம் ஆகிறது. வூடுதான்.

அவனுடைய அம்மா அப்படி மாறவில்லை. வந்த புதிதில் தெருக்குழாயில் குடங்களை எண்ணும்போது பர்மிய மொழியில் தி, ஹ்னி, தவுன் என்று எண்ணினாள். பிறந்ததிலிருந்து அப்படித்தான் எண்ணுகிறாள். தான் வேறு மொழியில் எண்ணுவது அவளுக்கே தெரியாது. வரிசையில் நின்ற பெண்கள் சிரித்தார்கள். கெட்ட எண்ணத்தில் அல்ல, நானே அங்கே இருந்திருந்தால் சிரித்திருப்பேன். ஆனால் அன்று மாலை கதிர்வேலு வந்து, "அம்மா, வெளியில அதுல எண்ணாதம்மா, பசங்க என்னைக் கிண்டல் பண்றாங்க" என்றான். மறுநாளிலிருந்து தையல் குழாயடியில் ஆள் இல்லாத மதியத்தில் தண்ணீர் பிடித்தாள். கடையில் விரலால் காட்டி வாங்கினாள். பக்கத்து வீட்டு அஞ்சலையிடம் மட்டும் இரண்டு வார்த்தை, அதுவும் காதோடு.

குட்டியைக் கொண்டு வந்தவன் கதிர்வேலுதான். ஜாடிகளுக்கு இடையில் வைத்துக் கட்டும் வைக்கோல் போரில் ஒரு பூனை குட்டி போட்டிருந்ததாம். ஆட்கள் போரைக் கலைத்ததும் தாய் மற்றக் குட்டிகளை ஒவ்வொன்றாகக் கவ்விக்கொண்டு போயிற்று. இதற்கு மட்டும் திரும்பி வரவில்லை. இரண்டு நாள் பார்த்துவிட்டுச் சட்டைப் பைக்குள் போட்டு எடுத்து வந்தான்.

"ரெண்டு நாளு வச்சிருந்து யாருக்காச்சும் குடுத்துடலாம்" என்றான்.

தையல் கையை நீட்டி வாங்கிக்கொண்டாள். திருப்பிக் கொடுக்கவில்லை.

3

தாயில்லாத குட்டியை வளர்ப்பது ஓர் அலுவலகத்தை நடத்துவதைவிடக் கடினம். பாலாடையால் ஊற்றினால் மூக்கில் ஏறியது. என் பேனாவுக்கு மை ஊற்றும் ஃபில்லரைத் தையல் கேட்காமலே எடுத்து, ஏழு முறை வெந்நீரில் கழுவி, அதில் பால் உறிஞ்சி ஊட்டினாள். பசும்பால் கழிச்சலைக் கொடுத்தது. ஆட்டுப்பாலில் தண்ணீர் கலந்து வெதுவெதுப்பாகக் கொடுத்தபோது நின்றது. ஊட்டி முடித்ததும் ஈரத்துணியால் அதன் பின்பக்கத்தைத் துடைத்துவிட வேண்டும், தாய் நக்குவதைப் போல. இல்லாவிட்டால் அதற்குச் சிறுநீர் பிரிவதில்லை. குளிருக்குக் கதிர்வேலு சூளையிலிருந்து பிரித்த செங்கல்லைச் சூடு ஆறுவதற்குள் சாக்கில் சுற்றிக்கொண்டு வருவான். அதைக் கூடைக்குள் வைத்தால், குட்டி அதன்மேல் வயிற்றைப் பரப்பிக்கொண்டு தூங்கிவிடும்.

இதில் என் பங்கு, ஒரு கால அட்டவணை தயாரித்துச் சுவரில் ஒட்டியது. மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை. நேரம், அளவு, துடைத்தது, எடை, குறிப்பு என்று ஐந்து பத்திகள். தையல் ஒரு நாளும் அதை நிரப்பவில்லை. துளிகளை எண்ணினாள், அவளுடைய மொழியில்.

ஒரு நாள் அவள் அப்படி எண்ணுவதைக் கேட்டபோது எனக்கு ஷ்வேயின் நினைவு வந்தது. ரங்கூனில் எங்கள் வீட்டில் இருந்த செம்மஞ்சள் பூனை. ஒன்பது வயது. கப்பலுக்கு என்னென்ன கொண்டு போகலாம் என்ற பட்டியல் வந்த அன்று, தையல் கேட்டாள்: "ஷ்வேயைக் கொண்டு போகலாமா?" நான் பட்டியலைத் தட்டிக் காட்டி, "அதெல்லாம் விதியில் இடமில்லை" என்றேன். பக்கத்து வீட்டு மா கின்னிடம் பூனையைக் கொடுத்துவிட்டு வந்தோம். கப்பலில் பன்னிரண்டு பேர் ஒரே பாயில் படுத்திருந்த இடத்தில் தையல் எதையும் கேட்கவில்லை.

இரண்டு வருடம் கழித்து, மறுவாழ்வுக் கடன் மனு கொடுக்கும் வரிசையில் எனக்கு முன்னால் நின்றவர், அதே கப்பலில் கூண்டோடு ஒரு மைனாவைக் கொண்டு வந்ததைச் சொன்னார். "யாரும் ஒண்ணும் கேக்கலையே. கேட்டேன், சரின்னாங்க."

நான் யாரையும் கேட்கவில்லை. பட்டியலில் பூனை இல்லை, ஆகவே கூடாது. இருபத்தெட்டு வருடப் பழக்கம். விதி தடுக்கும் என்று நானே முடிவு செய்து, விதியின் குரலிலேயே அவளுக்குப் பதில் சொல்லியிருக்கிறேன். மைனாவைப் பற்றி வீட்டில் நான் சொல்லவில்லை.

4

ஐந்து வாரம் ஆனதும் குட்டி கூடையை விட்டு இறங்கி எல்லா மூலையிலும் கால் மடக்கத் தொடங்கியது. ஒரு தட்டில் மண் போட்டு வைத்தால் பழகிக்கொள்ளும் என்று சொன்னார்கள். இங்கேதான் என் அறிவு வேலை செய்தது.

ஆற்று மணல் இரண்டு பர்லாங்கு தள்ளிக் கிடக்கிறது. ஆனால் பீங்கான் ஊரில் இருப்பவன் மணலுக்கு ஏன் ஆற்றுக்குப் போக வேண்டும்? அச்சு வார்க்கும் மேசைக்குக் கீழே சிந்தி உலர்ந்த வெள்ளை மண்ணைக் கதிர்வேலு ஒரு பை நிறையக் கொண்டு வந்தான். நான் அதை இடித்து, மெல்லிய துணியில் சலித்து, முகப்பவுடர் போல ஆக்கினேன். மட்டம் பார்த்து ஒரு கோணல் தட்டில் பரப்பினேன். வெள்ளையாக இருப்பதால் குட்டி என்ன செய்திருக்கிறது என்பது வெள்ளைத்தாளில் எழுதியதைப் போலத் தெரியும், உடனுக்குடன் அகற்றலாம். இதைவிடச் சுகாதாரமான ஏற்பாடு இந்தத் தாலுகாவில் எந்தப் பூனைக்கும் இருந்திருக்காது.

குட்டிக்கும் பிடித்துப்போயிற்று. அதில் புரண்டது, தோண்டியது, தும்மியது. பிறகு கூடைக்குப் போய், சுத்தமான பிராணி ஆகையால், கால்களையும் வயிற்றையும் நக்கி நக்கிப் பழைய சாம்பல் நிறத்துக்குக் கொண்டு வந்தது. நாளைக்கு ஐந்தாறு முறை. நாங்கள் மூன்று பேரும் அதைப் பார்த்து ரசித்தோம்.

ரேஷன் ஊழியர் வந்துபோன நான்காம் நாள் அது பால் குடிக்கவில்லை. ஃபில்லரை வாயில் வைத்தால் தலையைத் திருப்பிக்கொண்டது. தட்டில் போய் உட்கார்ந்து முக்கியது, ஒன்றும் வரவில்லை. ஈனமாக ஒரு குரல் கொடுத்துவிட்டு அங்கேயே படுத்துக்கொண்டது. தூக்கிப் பார்த்தால் மற்ற இடமெல்லாம் எலும்பு, வயிறு மட்டும் உருண்டையாக இறுகியிருந்தது.

"இதுவும் போச்சுன்னா நான் இனிமே எதையும் வளக்க மாட்டேன்" என்றாள் தையல். குரலை உயர்த்தவில்லை. அவள் சொன்னதில் 'இதுவும்' என்ற வார்த்தை என்னிடம் வந்து நின்றது.

குட்டியைத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு என்னோடு தெருவில் இறங்கினாள். பட்டப்பகலில் அவள் அந்தத் தெருவின் முழு நீளமும் நடந்தது அன்றுதான்.

5

கால்நடை மருந்தகத்தில் கம்பவுண்டர் மட்டும் இருந்தார்.

"டாக்டரு மங்கலம்பேட்டைக்கு கேம்ப்பு போயிருக்காருங்க. சாயங்காலம் வருவாரு, இல்லன்னா நாளைக்கு. என்னா, மாடா?"

தையல் துணியை விலக்கினாள்.

"பூனையா? பூனைக்கெல்லாம் பாக்கறதில்லைங்களே. சீட்டு போட முடியாது. நோட்டுல எடமில்ல."

பதிவேட்டை நான் என் பக்கம் திருப்பினேன். பசு, எருமை, ஆடு, கோழி. கடைசிப் பத்தி: இதர.

"இதோ இருக்கிறதே இடம். இதர."

"இதரன்னா பன்னி, கழுதைங்க."

"பன்றி, கழுதை மட்டும் என்று எங்கே எழுதியிருக்கிறது?"

"எழுதலீங்க. ஆனா அதான்."

"எழுதாதது விதி ஆகாது. மேலே சொல்லப்படாத எல்லாப் பிராணியும் இதரவில் அடங்கும். நீங்கள் மறுத்தால் மறுத்ததை எழுத்தில் கொடுங்கள்."

இப்படிச் சற்று நேரம் போயிற்று. அவர் முந்தைய வருடத்துப் பதிவேட்டை எடுத்து வந்து, இதரவில் ஒரு கழுதை இருப்பதைக் காட்டினார். அதற்குமேல் இரண்டு பக்கம் தள்ளி ஒரு குரங்கு இருப்பதை நான் காட்டினேன். குரங்கை வைத்து அவர் தோற்றார். பேனாவை எடுத்து, 'இதர, பூனை, ஒன்று' என்று எழுதினார். வெற்றியோடு திரும்பிப் பார்த்தேன். தையல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். குட்டி கண்ணை மூடியிருந்தது. வாய் திறந்து திறந்து மூடியது.

கம்பவுண்டர் எழுந்து வந்து வயிற்றை அமுக்கிப் பார்த்தார். அவர் விரல் நிதானமாகவே இருந்தது.

"கல்லாட்டம் இருக்குதுங்க. அடைச்சிருக்குது. எங்கிட்ட இருக்கறது மாட்டு மருந்து, ஒரு தடவைக்கு ஒரு பாட்டிலு. இதுக்கு எத்தினி சொட்டுன்னு எனக்குத் தெரியாது. தெரியாம குடுத்து செத்துப்போச்சுன்னா நீங்க மனு எழுதுவீங்க. என்னா தின்னுச்சுன்னு மொதல்ல பாருங்கம்மா."

இதை அவர் முதலிலேயே சொல்லியிருப்பார். நான்தான் பேச விடவில்லை.

திரும்பும் வழியில் ரயில்வே கேட் மூடியிருந்தது. சரக்கு வண்டி ஒன்று நிதானமாகப் போய்க்கொண்டிருந்தது. தையல் வண்டியைப் பார்த்தபடியே கேட்டாள்.

"அன்னிக்கு ரங்கூன்ல ஷ்வேக்காக யார்கிட்டயாவது கேட்டீங்களா?"

"இல்லை" என்றேன். மைனாவையும் சொன்னேன். வண்டிச் சத்தத்தில் சற்று உரக்கவே சொல்ல வேண்டியிருந்தது.

"தெரியும்."

"யார் சொன்னது?"

"யாரும் சொல்லல. கேட்டிருந்தா எந்த ரூலு, எத்தனையாவது பக்கம்னு வந்து சொல்லியிருப்பீங்க. அன்னிக்கு நீங்க பக்கம் சொல்லல."

முப்பது வருடம் நான் அவளுக்கு விதிகளை வாசித்துக் காட்டியிருக்கிறேன். அவள் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். கேட் திறந்தது. எனக்கு முன்னால் நடந்தாள்.

6

வீட்டு வாசலில் அஞ்சலை எதிர்ப்பட்டாள். ஜாடிகளைத் தட்டிப் பார்த்து விரிசல் பிரிக்கும் கொட்டகையில் அவளுக்கு வேலை; அன்று அரைநாள். தலையில் கட்டிய துணியைக்கூட அவிழ்க்காமல் குட்டியை வாங்கி, கீழ் உதட்டை விரலால் விலக்கினாள். ஈறு ஓரத்தில் வெள்ளையாக ஒட்டியிருந்தது.

"என்னாத்தப் போட்டீங்க இதுக்கு?"

நான் தட்டைக் காட்டினேன். கொஞ்சம் பெருமையோடுதான் காட்டினேன் என்று நினைக்கிறேன்.

"அட ரங்கூன் ஐயா! ஆத்துல மணலு கொட்டிக் கெடக்குது, கம்பெனி மண்ண சலிச்சு மாவாக்கியா போடுவாங்க? நக்கி நக்கி உள்ள போயி களிமண்ணா எறுகிப் போயிருக்குது பாருங்க. நான் ரெண்டாவது உண்டாயிருந்தப்ப இந்த மண்ணத்தான் திருடித் திருடித் தின்னேன், அப்பிடி ஒரு ருசி. நாலு நாளு வெளிக்கே போவல! எங்க மாமியா சாமிக்கு வேண்டிக்கிச்சு."

"அப்புறம்?" என்றாள் தையல்.

"வெளக்கெண்ணதான். யக்கா, உங்க ஃபில்லர எடுத்துனு வாங்க. ரெண்டே சொட்டு. ஐயா, நீங்க சும்மா நிக்காம அந்தத் தட்டத் தூக்கினு போங்க."

தூக்கிக்கொண்டு போனேன். தெருமுனைக் குப்பையில் கொட்டினேன். அங்கிருந்து அப்படியே ஆற்றுக்குப் போய் மணல் எடுத்தேன். மணிமுத்தாற்றில் அப்போது தண்ணீர் ஒரு ஓரமாகத்தான் ஓடிற்று. கரடுமுரடான மணல், சிப்பியும் கூழாங்கல்லும் கலந்தது. சலிக்க வேண்டும் என்று கை பரபரத்தது. சலிக்கவில்லை.

திரும்பி வந்தபோது இரண்டு பெண்களும் குட்டியை நடுவில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். தையல் வெந்நீரில் நனைத்த துணியை அதன் வயிற்றில் ஒத்திக்கொண்டிருந்தாள். அஞ்சலை வாலுக்குக் கீழே விரலால் நீவிவிட்டாள். கதிர்வேலு வேலையிலிருந்து வந்து விஷயத்தைக் கேட்டதும், கையில் இருந்த டிபன் பாக்ஸைக் கீழே வைக்காமல் நின்றான்.

"நான்தாம்மா கொண்டாந்தேன் அந்த மண்ண."

"நீ கொண்டாந்தே, அவரு சலிச்சாரு, நான் பாத்துனு இருந்தேன்" என்றாள் தையல். "போய் செங்கல்லு கொண்டா."

இந்த ஊர்க்காரியைப் போல 'பாத்துனு' என்று அவள் சொன்னதை அவன் கவனித்தானா தெரியவில்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு போனான்.

மாலைக்குள் ஒன்றும் ஆகவில்லை. அஞ்சலை இன்னும் ஒரு சொட்டு விட்டுவிட்டு, "காலையில தெரியும் யக்கா" என்று போனாள். 

நான் காலையில் எழுந்தபோது கூடை காலியாக இருந்தது. குட்டி ஆற்று மணலில் நின்றுகொண்டிருந்தது. முதுகை வில்லாக வளைத்து, கண்ணை எங்கோ நிலைக்க விட்டு, பெரிய கோப்பில் கையெழுத்துப் போடப் போகும் அதிகாரியின் முகபாவத்தோடு முக்கியது. பிறகு மூன்று வெள்ளைக் கட்டிகள், பள்ளிக்கூடத்துச் சாக்பீஸ் துண்டுகள் போல. கடைசியில் கொஞ்சம் வழக்கமான நிறமும். குட்டி திரும்பி முகர்ந்து பார்த்து, தானே திடுக்கிட்டு, மணலை நாலாபக்கமும் வாரி இறைத்தது.

தையல் எனக்குப் பின்னால் நின்று பார்த்திருக்கிறாள். நான் ஏதோ சொல்லத் திரும்புவதற்குள் அவள் இல்லை. வெளியே குழாயடியில் காலை நேரக் கூட்டம், குடங்கள் மோதும் சத்தம். அதற்கு மேல் அவள் குரல் கேட்டது. ஐந்து வருடத்தில் இந்த ஊர் கேட்டிராத குரல்.

"அஞ்சல! அடி அஞ்சல! வெளிக்குப் போயிடுச்சு! வெள்ள வெள்ளையா!"

"மெய்யாலுமா யக்கா?"

"மெய்யாத்தான்! மூணு கட்டி!"

"யாருக்குங்க?" என்று வேறொருத்தி பதறினாள்.

"அவங்க வூட்டுப் பூனைக்குத்தான்டி, நீ தண்ணியப் புடி. யக்கா, உங்க வூட்டுக்காரருகிட்ட சொல்லுங்க, இன்னொரு தபா அந்த மண்ணத் தொட்டாருன்னா, கம்பெனி மண்ணத் திருடுனாருன்னு நானே எழுதிக் குடுத்துடுவேன்!"

"எழுது! எத்தினி காப்பின்னு அவரையே கேட்டு எழுது!"

குழாயடி முழுக்கச் சிரித்தது. அதன்பிறகு பேச்சு எங்கெங்கோ போயிற்று. யார் வீட்டு ஆடு எதைத் தின்றது, யார் குழந்தை பொத்தானை விழுங்கியது. நடுநடுவே தையலின் குரலும் இருந்தது.

குட்டிக்குப் பசி வந்துவிட்டது. என் பாதத்தில் ஏறி வேட்டியைப் பிடித்துக்கொண்டு கத்தியது. பால் அடுப்பின் மேல் வெதுவெதுப்பாக இருந்தது. இன்னும் கொஞ்சம் விட்டால் ஆறிவிடும். வாசலுக்குப் போய்த் தையலைக் கூப்பிட வாயெடுத்தேன். கூப்பிடவில்லை. திரும்பி வந்து தரையில் உட்கார்ந்து, ஃபில்லரை எடுத்து, அதன் வாயை எப்படிப் பிடிப்பது என்று எனக்குத் தெரியாததால், குட்டியையே காட்டித்தரச் சொன்னேன்.